தூணி மரத்தடியில் பெண் கேட்டது

...மன்னிப்பா, நானா, அதுவும் அந்த சால்மனிடமா, போர்வையை எந்தப் பக்கம் இழுத்தாலும் கால் வெளியே வந்துவிடுகிறது, இந்த நாணல் பாய்க் குடிலைக் கட்டியவன் காற்றுக்குப் பங்காளியாக இருக்க வேண்டும், நாலு பக்கமும் அதற்கு வழி விட்டிருக்கிறான், இதில் படுப்பதற்கா ஜெர்மனியிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள், வரட்டும், முட்டாள்தனத்துக்கு என்றைக்கும் சந்தை உண்டு, பக்கத்தில் அண்ணன் கெர்ட் குறட்டை விடுகிறான், அவன் மகனுக்குத்தான் பெண் கேட்டு வந்திருக்கிறோம், ஆனால் கேட்க வேண்டியவள் அத்தை, அதாவது நான், ரெகினா, கீட்மன்ஸ்ஹூப் சந்தையில் ஒட்டுத்துணி கவுன் விற்கிறவள், சொன்ன விலைக்கு எதையும் வாங்கியறியாதவள், எங்கள் நாமா இனத்தின் வழக்கம் அப்படி, மாப்பிள்ளை வீட்டார் வாசலில் மண்டியிட வேண்டும், பெண் வீட்டார் வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும், எதற்கும் நாங்கள் ‘தப்புதான், மன்னிச்சுக்கோங்க’ என்பதைத் தவிர வேறு பேசக் கூடாது, ஏச்சு தீர்ந்ததும் கதவு திறந்து ஒரு குவளை தண்ணீர் தருவார்கள், அதைத் தந்தால் பெண்ணைத் தந்த மாதிரி. ஒரு பக்கம் மட்டும் வாய் திறக்கும் வியாபாரம், எந்த ஊர் நியாயம் இது...

நேற்று சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, எல்லோரும் மண்டியிட்டார்கள், நான் மட்டும் முழங்கால் வலி என்று நின்றுகொண்டேன், வலியெல்லாம் இல்லை, சால்மன் வெளியே வந்தார், பெண்ணின் தாய்மாமன், இந்தச் சுற்றுலா முகாமும் சுற்றியிருக்கும் கரும்பாறைகளும் அவர் குடும்பத்துடையவை, அந்தக் காலத்தில் கிளையைக் குடைந்து அம்புக்கூடு செய்த தூணி மரங்களையும் தாமே பெற்று வளர்த்த மாதிரித்தான் நடப்பார், தொப்பியைக்கூட எடுக்காமல், “யாருடா நீங்க? கழுத கிழுத தொலஞ்சு போச்சா, தேடிக்கிட்டு வந்தீங்களா?” என்றார். தப்புதான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக, ஆனால் வந்தது வேறு. “ஆமாங்க, ஊரெல்லாம் தேடினோம். உள்ளேருந்து சத்தம் கேட்டுச்சு, அதான் கதவத் தட்டினோம்.” பெண்ணின் அம்மா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள், எங்கள் ஆட்கள் மண்டியிட்டபடியே சிரிப்பில் குலுங்கினார்கள், கதவு அறைந்து மூடியது. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தம்பதி இது தினமும் நடக்கும் காட்சியா என்று கேட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஆள் வந்து சொன்னது: விடிந்ததும் இன்னொரு முறை, அப்போதும் அந்தப் பொம்பளை வாயைத் திறந்தால் இந்தக் கேட்பு இத்தோடு முடிந்தது. திரும்பிப் போனாலும் முடிந்தது. அதனால்தான் இப்படிக் கிடக்கிறோம்.

படுக்குமுன் மாப்பிள்ளை ஆத்ரியான் வந்து காலருகே உட்கார்ந்தான், தலைநகர் விண்ட்ஹுக்கில் வேலை பார்க்கிற பிள்ளை, யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் அத்தை என்று கெஞ்சினான், கண் கலங்கியிருந்தது, சரி என்றேன், சரி என்று சொன்னேனா, தலையை ஆட்டினேன், தலையாட்டியதைப் பேரம் முடிந்ததாக எங்கள் கடையில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை...

வெளுக்கத் தொடங்கியதும் எழுந்து வெளியே வந்தேன், எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்காலம், குளிர் பல்லில் ஏறுகிறது, மரங்கள் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி, வேர் மேலே, பூவும் மேலே, மஞ்சள் பூ, கழுதைப் பொதி உயரத்தில் ஒரு கிளை இருந்த இடம் மழுங்கி மூடியிருந்தது, மழை பொய்த்தால் இந்த மரம் தன் கையைத் தானே உதிர்த்துவிட்டுக் காயத்தை அடைத்துக்கொள்ளும், நல்ல கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நான் மரம் இல்லை, என் நாக்கை உதிர்த்துக்கொள்ள முடியாது. வெந்நீர்க் கொதிகலனுக்கு யாரோ விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள், கை காயலாம் என்று போனேன், பார்த்தால் யுஸ்தினா, பெண்ணேதான். பெண் கேட்டு முடியும்வரை நாங்கள் பேசக் கூடாது.

“நீ என்கூடப் பேசக் கூடாதேம்மா.”

“நான் உங்ககிட்டயா பேசுறேன்? அடுப்புகிட்டல்ல பேசுறேன்.” விறகை உள்ளே குத்தினாள். “பொறந்ததுலேருந்து பாக்குறேன் அடுப்பே, எங்க வீட்ல மாமா பேசுவாரு, நாங்க கேப்போம். நேத்துதான் ஒருத்தங்க திருப்பி ஒரு வார்த்த சொன்னாங்க. கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். இன்னைக்கு அவங்க பேசாம இருந்துட்டா, இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் என்னா வித்தியாசம்? நான் எதுக்குப் போகணும்?”

நானும் ஒரு விறகை எடுத்து அடுப்புக்குள் தள்ளினேன், பேசினால் மாமன் தரமாட்டார், பேசாவிட்டால் இவள் வரமாட்டாள், எந்தப் பக்கம் தள்ளினாலும் சாய்கிற தராசு இது, யார் வைத்த எடை... ஆனால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லையே, ஏன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் கதவுக்குப் பின்னால் நின்றவள், என்னைக் கேட்டும் வந்தார்கள், என் பெரியப்பா ஏசினார், அவர்களுடைய அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் விழுங்கினாள், அவர்களுடைய ஆடுகளைப் பழித்தார், விழுங்கினாள், செத்துப்போன அவள் அம்மாவைப் பழித்தார், அதையும் விழுங்கினாள், இதையெல்லாம் பொறுக்கிறவள் நாளைக்கு எனக்காக எங்கே வாய் திறப்பாள் என்று நினைத்தேன், வேண்டாம் என்றேன், ஊர் இன்றுவரை மாப்பிள்ளை வீட்டார்தான் ஓடிப்போனதாகச் சொல்கிறது, சொல்லிக்கொள்ளட்டும், நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அப்படியானால் நேற்று நான் பதில் சொன்னது ஆத்ரியானுக்காகவா, இந்தப் பெண்ணுக்காகவா, இல்லை அந்த அத்தை சொல்லியிருக்க வேண்டியதையா...

எல்லோரையும் வாசலில் கூட்டிவிட்டார்கள், வெயில் பாறையின் விளிம்பைத் தொட்டுவிட்டது, இன்றைக்கு நானும் மண்டியிட்டேன், கெர்ட் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான், பாறைத் துகள் முழங்காலில் குத்தியது, குத்தட்டும், மண்டியிடுவேன் என்றுதான் ஒப்புக்கொண்டேன், குனிவேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, நிமிர்ந்தே இருந்தேன். ஆத்ரியான் பின்னாலிருந்து என் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் சந்தைக் கூட்டத்தில் பிடிக்கிற மாதிரி. கதவு திறந்தது, சால்மன் வந்தார், ராத்திரி தூங்காத முகம், கதவிடுக்கில் ஒரு பாவாடையின் ஓரம் தெரிந்தது.

“உங்க ஊர்ல பொண்ணே பொறக்கறது இல்லயா,” என்றார் சால்மன், “எங்க வாசல்ல வந்து விழுந்து கெடக்குறீங்க?”

சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தக் கூடாது, ஏசுகிறவர் மூச்சு விடாமல் அடுத்ததை அடுக்க வேண்டும், அதுதான் முறை, கேட்கிறவர்களுக்கு வாய் திறக்க இடமே கிடைக்கக் கூடாது, எத்தனை வீட்டு வாசலில் ஏசிய மனிதர், அவருக்குத் தெரியாதா, ஆனால் நிறுத்திவிட்டார், தொப்பியைத் தள்ளிக்கொண்டார், வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார், கோபம்தானா அது, எனக்குத் தெரிந்த முகம், பேரத்துக்கு ஆளில்லாமல் வெயிலில் நாளெல்லாம் கடை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனின் முகம், அப்படியென்றால் இந்த மனிதருக்கும் இத்தனை காலமாக யாரும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லையா, அதைக் கேட்கத்தான் நிற்கிறாரா, இல்லை என்னைச் சிக்க வைக்கவா, சால்வை நுனி இறுகியது, கதவிடுக்கில் பாவாடை அசையவில்லை, அவர் இன்னும் அடுத்த ஏச்சைத் தொடங்கவில்லை, என் வாய் திறந்திருந்தது...