அமரச் சொல்ல மறந்த தலைவர்

என் கணவர் மரியதாசனுக்கு ஒலிவாங்கியைக் கண்டால் பசி தாகம் மறந்துவிடும். தேவாலயப் பங்குத் தமிழ்ச் சபைக்குத் தலைவர் அல்லவா! எங்கள் மகள் லக்சனா, பெரு நாட்டுப் பெடியன் மத்தேயோவைக் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து அந்த வாய் பூட்டிக் கிடந்தது. "சனத்தைப் பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார், மாடு வாங்கப் போகிறவர் மாதிரி.

பார்க்கும் நாளும் வந்தது. ஜூலை இருபத்தெட்டு, அவர்களுடைய சுதந்திர தினம். பிரெஞ்சு பேசும் எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்களும் அவர்களும் மாறிமாறிப் பாவிக்கும் அதே பங்கு மண்டபம். பெடியனின் தாய் ரொசாரியோ, சம்பந்தியாகப் போகிறவர் என்ற மரியாதைக்கு, இவரை இரண்டு வார்த்தை பேசக் கேட்டிருந்தாள். இவருக்கு இரண்டு வார்த்தை எங்கே காணும்? கோட்டும் டையுமாகப் பொன்னாடை ஒன்றையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். யாருக்குப் போர்த்தவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வழியெல்லாம் காரில் எனக்குச் சரித்திரப் பாடம். 1821இல் சான் மார்ட்டின் என்ற தளபதி லிமா நகரில் விடுதலையை அறிவித்தாராம். ஸ்பானியப் படையை முறியடிக்க அதற்குப் பிறகும் மூன்று வருஷம் சென்றதாம்.

"முதல்ல கொண்டாட்டம், பேந்து சண்டை. விளங்காத சனம்," என்றார். சண்டையை மட்டுமே கண்டு, கொண்டாட்டத்தைக் காணாத மனிதருக்கு நக்கல் வேறு.

மண்டபத்தில் எல்லோர் நெஞ்சிலும் சிவப்பு வெள்ளை ரிப்பன். இவருக்கும் ஒன்று குத்தினார்கள், நெளிந்தார். தேசிக்காய்ப் புளியில் ஊறிய பச்சை மீன் வந்தது.

"அவிக்கத் தெரியாதே இவையளுக்கு?" என்று மூக்கைச் சுளித்தார். இவருக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பாட்டை நிறுத்தி இவரை அழைத்தார்கள். ஏறினார், செருமினார். பழக்கதோஷம், வேறென்ன? எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்தச் சொல்லி பிரெஞ்சில் கேட்டுவிட்டார்! பரிசளிப்பு விழாவானாலும் இறந்தவர்களுக்குத் தலை குனியாமல் எங்கள் ஆட்கள் தொடங்கமாட்டார்கள். இவரோ பாதி நிமிடத்திலேயே "நன்றி, அமரலாம்" என்று பேச்சுக்குப் பாய்கிறவர். லக்சனா தலையில் கை வைத்தாள். ஆடிய சனம் திகைத்து நின்றது.

ரொசாரியோ பதறிப்போய் மேடையடிக்கு வந்து, "யார் இறந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எங்கள் கூட்டங்களில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பொதுவாகக் குனிந்துவிட்டு றோல்ஸ் தின்னப் போவதுதான் வழக்கம்.

"பேனாட்," என்றார் கடைசியில். "என்ர தம்பி."

வன்னியில் ஷெல்லடியில் போன பேனாட். அந்தப் பெயர் இவர் வாயில் வந்து வருஷக்கணக்கு. லக்சனா மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ரொசாரியோ சனத்தின் பக்கம் திரும்பி, "பேனாட்!" என்று உரத்துக் கூப்பிட்டாள்.

"ப்ரெசென்டே!" என்றது மண்டபம் முழுவதும்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"'இஞ்ச நிக்கிறார்' எண்டு அர்த்தம், அப்பா. செத்த ஆக்களின்ர பேரைக் கூப்பிட்டா அவையள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

தலைவருக்குப் பேச்சு மறந்துபோனது. அமரச் சொல்லவும் மறந்துபோனது. அவர் சொல்லாததால் ஒருவரும் அமரவில்லை. கடைசியில் பொன்னாடையை மத்தேயோவின் தோளில் போட்டுவிட்டு இறங்கி வந்தார். இந்த மனிதருக்காக அழவேண்டி வந்ததே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

"அப்ப இது கலியாணத்துக்கு ஓம் எண்டதோ?" என்று கேட்டேன்.

"இஞ்சரும்," என்றார் மெதுவாக. "கலியாணத்திலயும் பேனாட்டைக் கூப்பிடுவினமோ எண்டு அந்த மனிசியைக் கேளும்."