ரப்பர் குழாயின் மறுமுனை

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் வண்டி இருமிக்கொண்டுதான் இருந்தது.

பெரிய வண்டி ஒன்றுமில்லை. பிரிட்டனில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது ஆள் வந்தால் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் துருப்பிடித்த தகரமாக வாங்கிவந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டில் போட்டு, நட்டு நட்டாகக் கழற்றி மாட்டி உயிர் கொடுத்தவர் நம் பாம்புச்செவியார். அடியில் சொட்டும் எண்ணெயைப் பிடிக்க மனைவியின் கேக் தட்டுகள் இரண்டு பறிபோனதைத் தவிர, அந்த வண்டியால் வீட்டுக்கு வேறு கெடுதல் கிடையாது.

பாம்புச்செவி என்பது ரயில் யார்டில் வைத்த பட்டப்பெயர். அவருக்கு வேலை சக்கரம் தட்டுவது. புறப்படக் காத்திருக்கும் ரயிலை ஒட்டி, நீளக் கைப்பிடி வைத்த சுத்தியலோடு நடந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தட்டு. நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். சொத்தென்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பெட்டி அங்கேயே நின்றுவிடும். பக்கத்துத் தடத்தில் டீசல் இன்ஜின் ஓயாமல் உறுமும் என்பதால் வலது காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார். ரயில் எப்போதும் இடது கைப்பக்கம். கடைசிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் திரும்பி வரும்போதும் அது இடது கைப்பக்கமேதான். இருபத்தேழு வருடமாக இதே நடை. வருடா வருடம் நடக்கும் காது பரிசோதனையில் போன தடவை டாக்டரே, "ரிட்டயர் ஆகும்போது இந்தக் காதை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க" என்றார். இந்த வருடப் பரிசோதனை வருகிற செவ்வாய்க்கிழமை.

இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலையை மூன்று வாரமாக முடிக்க முடியவில்லை என்றால் மனிதன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

வேலை இதுதான். அந்த இன்ஜினுக்குக் கார்புரேட்டர் இரண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்து ஒன்று குறைய இழுத்தால் இன்ஜின் நொண்டும். அளப்பதற்குக் கருவி உண்டு. ஆனால் பாம்புச்செவியாரிடம் இருந்தது ஒரு முழம் ரப்பர் குழாய். ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உஸ்ஸென்று மூச்சு கேட்கும். இரண்டு மூச்சும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டியதுதான்.

ஷெட் குறுகல். கார்புரேட்டர்கள் இருக்கும் பக்கத்தில் சுவரை ஒட்டித் துணி துவைக்கும் இயந்திரம் வேறு. அதனால் வண்டியின் முகப்பில் குனிந்து முன் கார்புரேட்டரை வலது காதால் கேட்பார். பிறகு இயந்திரத்துக்கும் வண்டிக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து, பின் கார்புரேட்டரை இடது காதால் கேட்பார். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

இந்த மூன்று வாரத்தில் அவர் மாற்றாத சாமான் இல்லை. நாலு பிளக்கும் புதுசு. பாயிண்ட் புதுசு, கண்டென்சர் புதுசு. வால்வுகளின் இடைவெளியை இரண்டு தடவை அளந்தார். பெட்ரோல் பம்ப் மேல் சந்தேகப்பட்டு அதையும் பிரித்தார். அது பாவம், டிக் டிக்கென்று ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பிளக் மட்டும் ஓட்டிய அரை மணியில் கரிச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிடும். துடைப்பார், மாட்டுவார், குழாயை எடுப்பார், இரண்டு மூச்சையும் ஒன்றாக்குவார். வண்டி முன்னைவிட மோசமாக இருமும்.

அன்று காலையில் கார்புரேட்டர் இரண்டையும் முழுக்கப் பிரித்துக் கழுவி மாட்டியிருந்தார். ஊசி முதல் மிதவை வரை தப்பில்லை. ஸ்டார்ட் செய்தார். டபக், டபக், டபடபக். ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

"என்னதான்டா வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்" என்று வண்டியிடம் கேட்டார். கேட்ட குரல் அவருக்கே பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. ஐம்பத்துநாலு வயதில், ஒரு தகர டப்பாவின் முன் நின்றுகொண்டு எதற்குப் பயப்படுகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை பிளக்கும் பாயிண்டும்.

மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். "ஏங்க, மூணு தடவை கூப்பிட்டாச்சு. செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி. சாப்பிட வர்றீங்களா இல்லையா?"

"கேக்கல."

"ராத்திரி படுக்கையில சொன்னாலும் கேக்கல, பகல்ல கத்தினாலும் கேக்கல. ரயிலுக்கு மட்டும்தான் காது போல."

அவர் சிரிக்கவில்லை. மனைவி சொல்வது காதில் விழாதது கல்யாணமான எல்லா ஆண்களுக்கும் வருகிற வியாதி என்று யார்டில் அவரே கிண்டலடித்திருக்கிறார்.

மூன்று மணிக்கு மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. பம்புசெட் மெக்கானிக், வாய் அதைவிடப் பெரிய மெஷின். கையில் சின்ன அட்டைப்பெட்டி.

"அத்தான், கோச்சுக்காதீங்க. அக்கா அழாத குறையா போன் பண்ணா. கடையில இரவல் வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே காற்று அளக்கும் கருவி. கார்புரேட்டர் வாயில் வைத்தால், பக்கத்திலிருக்கும் கண்ணாடிக் குழாயில் சிவப்பு மணி ஒன்று ஏறும். எவ்வளவு காற்றோ அவ்வளவு உயரம்.

"மாப்ளே, காது இருக்கிறவனுக்கு இது எதுக்கு?"

"சும்மா வெச்சுப் பாப்போமே. காசா பணமா?"

இன்ஜினை ஓடவிட்டு, முன் கார்புரேட்டரில் வைத்தான். மணி இரண்டாவது கோட்டில் நின்றது. பின் கார்புரேட்டரில் வைத்தான். மணி விர்ரென்று ஏறி ஏழாவது கோட்டில் ஆடியது.

"அடேங்கப்பா! பின்னாடி இருக்கறவன் எல்லாத்தையும் குடிச்சிட்டான், முன்னாடி இருக்கறவன் பட்டினி கிடக்கான். இதையா சமமா வெச்சேன்னு சொன்னீங்க?"

"உன் மெஷின் பொய்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பாம்புச்செவியாருக்கு முகம் சுண்டிப்போனது. குழாயை எடுத்து மறுபடி கேட்டார். முன்னால் ஒரு உஸ். பின்னால் ஒரு உஸ். சத்தியமாகச் சமம். "வந்து நீயே கேளுடா!" என்று கத்தினார். மைத்துனன் குழாயை வாங்கி இரண்டு இடத்திலும் கேட்டான். அவன் முகத்திலிருந்த கேலி மெல்ல இறங்கியது.

"அத்தான், பின்னாடி ஓன்னு இரையுதே. உங்களுக்கு... சரி விடுங்க. மணி சொல்றபடியே வெச்சுப் பாப்போம்."

அவனே பின்னால் ஸ்க்ரூவைத் தளர்த்தினான், முன்னால் திருகினான். இரண்டிலும் மணி நாலாவது கோட்டில் நின்றது. இருமல் நின்றது. மூன்று வாரமாக நொண்டிய இன்ஜின் ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. மைத்துனன் கையைத் தட்டிக்கொண்டு, "அக்கா! பிழைச்சிடுச்சு!" என்று உள்ளே ஓடினான்.

பாம்புச்செவியார் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு பன்னிரண்டு வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தார். முகப்பில் குனிந்து, முன் கார்புரேட்டரிலேயே குழாயை வைத்து, வலது காதில் கேட்டார். உஸ். அப்படியே குழாயை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பி, மறுமுனையை இடது காதில் வைத்தார்.

ஒன்றுமில்லை.

குழாய் மடங்கியிருக்குமோ என்று உருவிப் பார்த்தார். மடங்கவில்லை. இன்னும் அழுத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைச் சரியாக மூடாத மாதிரி எங்கேயோ ஒரு கசிவு. அவ்வளவுதான். கோளாறு குழாயின் அந்த முனையில் இல்லை. இந்த முனையில்தான் இருந்தது. காது மங்க மங்க, அதற்குச் சமமாகக் கேட்கவேண்டும் என்று வாரா வாரம் அவரேதான் பின்னால் இருந்ததைத் திறந்துகொண்டே போயிருக்கிறார்.

முதலில் செவ்வாய்க்கிழமைதான் ஞாபகம் வந்தது. டாக்டர், பரிசோதனை, பறிபோகும் சுத்தியல், இன்னும் ஆறு வருட சர்வீஸ். அதற்குப் பிறகுதான் அந்தப் பஞ்சு ஞாபகம் வந்தது, வலது காதில் அடைக்கிற பஞ்சு. உட்கார இடம் தேடி வண்டியின் மட்கார்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மாதமாக அவர் ஒரு சக்கரத்துக்குக்கூடப் பெருக்கல் குறி போடவில்லை. மாதம் ஒன்றிரண்டு பெட்டியையாவது நிறுத்துகிறவர். சூப்பர்வைசர்கூட, "என்ன பாம்புச்செவி, சக்கரம் எல்லாம் நல்ல பிள்ளையாயிடுச்சா?" என்று கேட்டார். இவர் என்ன சொன்னார்? "புதுசா வர்ற இரும்பே மந்தம் சார். எல்லாம் ஒரே மாதிரிதான் பேசுது." எல்லாரும் தலையாட்டினார்கள். பாம்புச்செவி சொன்னால் வேறு பேச்சு உண்டா?

நேற்று சாயங்காலம் ஐந்தாவது பெட்டியில், மூன்றாவது சக்கரம். தட்டினார், மந்தம். இன்னொரு தட்டு, இன்னொரு தட்டு. மற்றதைவிட ஒரு பிடி மந்தமோ என்று தோன்றி, சாக்பீஸைப் பையிலிருந்து எடுத்து, இரும்பு அப்படித்தான் என்று திரும்பப் போட்டுக்கொண்டார். அந்த ரயில் இன்றைக்கு ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. பதினாறு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்கக்கூட இடமிருக்காது.

சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து.

மனைவி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வாரமாக வெளியே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய கோபமெல்லாம் போய், முகம் மலர்ந்திருந்தது. "கிளம்பலாமா? இருட்டறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்." கதவைத் திறந்து உட்கார்ந்தும்விட்டாள்.

கிளம்பலாம். யாருக்குத் தெரியும்? எத்தனையோ சக்கரம் தட்டாமலேயே ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னால் சொல்லட்டும், காது அன்றைக்குத்தான் போனது என்று இருக்கட்டும். இரண்டு மாதக் கணக்கை யார் கேட்கப்போகிறார்கள்? இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏறி உட்கார்ந்தால் போதும். அந்தச் சில விநாடிகளுக்கு அவர் அதை நிஜமாகவே நினைத்தார். நினைத்ததற்காக அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். நடை ஓட்டமாயிற்று.

யார்டு நம்பரைச் சுழற்றி ரிசீவரை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணியடிக்கும் சத்தமே இல்லை. லைன் செத்துப்போச்சா? வைத்துவிட்டு மறுபடி சுழற்றினார். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை சுழற்றிய பிறகுதான் ரிசீவர் எந்தக் காதில் இருக்கிறது என்று உறைத்தது. மாற்றினார்.

"...ஹலோ, யாருங்க? போன் பண்ணிட்டுப் பேசாம வைக்கிறீங்க?" சூப்பர்வைசர்.

"சார், நான்தான். சக்கரம் தட்றவன்."

"அட, பாம்புச்செவி! லீவு நாள்ல என்ன?"

"அஞ்சு மணி வண்டிய விடாதீங்க. அஞ்சாவது பெட்டி, மூணாவது சக்கரம்."

"நீங்கதானே நேத்து தட்டினீங்க? சரியா இருக்குன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே."

"ஆமா சார். அது மட்டுமில்ல. ரெண்டு மாசமா நான் தட்டின அத்தனை வண்டியையும் வேற ஆளை வெச்சுத் தட்டச் சொல்லுங்க. ஒண்ணு விடாம."

"என்னய்யா பேசறீங்க? அத்தனையையும் நிறுத்தணுமா? எதுக்கு?"

இருபத்தேழு வருடத்தில் யார்டில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்காத வார்த்தை. தள்ளி வெளியே விட்டார்.

"எனக்குக் காது கேக்கல சார்."

மறுபக்கம் நாற்காலி தள்ளும் சத்தம், யாரையோ அதட்டும் சத்தம், ஐந்து மணி வண்டியைப் பிடித்து வை என்ற கூச்சல். வலது காதில் அத்தனையும் துல்லியமாக விழுந்தது. லைன் துண்டிக்கப்பட்ட பிறகும் அவர் ரிசீவரை வைக்கவில்லை.

ஷெட்டில் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவி எப்போது உள்ளே வந்தாள், எவ்வளவு நேரமாக இடது பக்கம் நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் தோளைத் தொட்டபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். உதடு அசைந்தது.

"இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்றார்.