குழாயில் முதலில் வருவது காற்று

1

இந்தக் கதை ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் பிறந்தது. வரிசையில் நின்றிருந்தேன். என் முறை வந்ததும், குழாயைப் பிடித்திருந்தவன் சட்டென்று அதை மேலே தூக்கிக்கொண்டு, "யார் குடுக்குறாங்கன்னு சொல்லுங்க சார்" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். குடம் நிரம்பியது. வீடு வந்து சேரும்வரை காது மடல் சுட்டுக்கொண்டே இருந்தது.

வாராவாரம் கொலை செய்து பிழைப்பவன் நான் (காகிதத்தில்தான்). அதனால் ஆரம்பம் இப்படி வந்தது:

துப்பாக்கி முனை அவள் நெற்றிப்பொட்டில் பதிந்தபோது, பம்ப் ஹவுஸ் சுவரில் ஒரு நிழல்—

வேண்டாம். யாரும் துப்பாக்கி கொண்டுவரவில்லை. டீ கொண்டுவந்தார்கள்.

2

அவள் நகரத்துக் குடிநீர் நிலையத்தின் ஆபரேட்டர். காய்ச்சல் பரவியபோது பெரிய வால்வை மூடியவளும் அவள்தான். சரியான உத்தரவுதான் அது. தண்ணீரைக் குடித்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில் 'மீட்பு அணி' என்றொரு கூட்டம் லாரிகளோடு வந்து இறங்கியது. முதலில் தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். பிறகு, வரிசையில் யார் நிற்கலாம் என்று முடிவுசெய்தார்கள். இப்போது நிலையத்தின் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

'விஷம் கலந்தது யார்?' என்று சுவரெங்கும் எழுதியிருந்தார்கள். யாரும் கலக்கவில்லை. சாக்கடைக் குழாய் உடைந்து கசிந்திருந்தது.*

நாளை காலை சபையில் ஓட்டெடுப்பு. நெருக்கடி முடியும்வரை எல்லா அதிகாரமும் அணித் தலைவருக்கு.

இன்று மதியம், தண்ணீரைச் சோதிக்கும் பெண் அவளுக்குப் போன் செய்தாள். "அக்கா, தண்ணி சுத்தம். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். திறந்துடுங்க."

* உடைந்த குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. ஆனால் ஒரு குழாயை எத்தனை பேர் வெறுக்க முடியும்? எதிரிக்கு முகம் வேண்டும். தொடர்கதை எழுதுகிறவனுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

3

இந்த இடத்தில் அவளுடைய கொழுந்தன் உள்ளே வருகிறான். அணியின் வட்டாரப் பொறுப்பாளன். முதல் வரைவில் அவனுக்குக் கன்னத்தில் தழும்பும் கரகரத்த குரலும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அண்ணன் காய்ச்சலில் விழுந்தபோது தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன். அண்ணன் பிழைத்தான். [இவனை வெறுக்க எனக்கே வரவில்லை. கதையின் தொல்லையே அதுதான்.]

"அண்ணி, சர்க்கரை கம்மியாப் போட்டு வாங்கிட்டு வந்தேன்."

"டீ இருக்கட்டும். டெஸ்ட் முடிவு வந்துருச்சு. வால்வைத் திறக்கணும்."

"தெரியும். நாளைக்குச் சாயங்காலம் திறந்துக்கலாம்."

"ஏன், தண்ணிக்கு அப்பத்தான் நல்ல நேரமா?"

சிரித்தான். "ஓட்டெடுப்பு முடியட்டும் அண்ணி. தலைவரே வந்து திறப்பாரு. நீங்க பக்கத்துல நிக்கலாம்."

"போட்டோவுல வால்வை மறைக்காம நிக்கணுமா?"

"விளையாடாதீங்க. ஒரே ஒரு நாள்தானே?"

"நெருக்கடி முடிஞ்சிருச்சுன்னு அப்புறம் யாருடா சொல்லுவா?"

"நாங்கதான்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது போலிருந்தது. போன் அடித்தது. நல்லதாகப் போயிற்று என்பதுபோல் எடுத்துக்கொண்டு வெளியே நகர்ந்தான்.

4

ஒரே சுழற்று! தண்ணீர் பீறிட்டுக்கொண்டு—

மன்னிக்கவும், பழக்கதோஷம். காலியாகக் கிடந்த குழாயில் காற்று அடைத்திருக்கும். வேகமாகத் திறந்தால் தண்ணீர் சம்மட்டி மாதிரி மோதிக் குழாயைப் பிளந்துவிடும். கொஞ்சம் திருப்ப வேண்டும், காற்று வெளியேறும்வரை நிற்க வேண்டும், மறுபடி கொஞ்சம். என் பிழைப்பில் எந்தக் கதாநாயகியும் இவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை. உங்களைப்போல் எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

திருப்பினாள். நின்றாள். வாசல் நாற்காலிகளில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். உள்ளங்கை வழுக்கியது, சட்டையில் துடைத்துக்கொண்டாள். திருப்பினாள். குழாய்க்குள் ஏதோ பெருமூச்சு விட்டது.

"அண்ணி! கையை எடுங்க!"

"எடுத்துட்டேன். தண்ணி ஊருக்குள்ள போயிருச்சு. வேணும்னா நீ மூடு."

அவன் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்தான்.

"சட்டுனு மூடினாலும் வெடிக்கும். பெரிய லைன் போச்சுன்னா உங்க தலைவர் நாளைக்கு எதைத் திறப்பாரு?"

கை அப்படியே நின்றது. "என்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டீங்க."

"அண்ணனைத் தூக்கிட்டு ஓடினியே, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காக ஊரையே தூக்கி உன் கையில குடுக்க முடியாதுடா."

அவன் அடிக்கவில்லை. [ஒரு வரைவில் அடித்தான்.] அவளுடைய போனைப் பிடுங்கினான். அவளை உள்ளே வைத்து அறையைப் பூட்டச் சொன்னான். வாசலில் நின்ற ஒலிபெருக்கி வண்டியில் ஏறினான்.

5

முடிவு ஒன்று: ஊர் தண்ணீரைக் குடிக்கிறது, நெருக்கடி முடிந்தது என்று கூவிக்கொண்டு சபையை நோக்கி நடக்கிறது. (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: யாரும் தொடவில்லை. ஓட்டெடுப்பில் அணி ஜெயிக்கிறது. மறுநாள் சுவர்களில் அவள் படம், விஷம் கலந்தவள் என்று.

இரண்டையும் கிழித்துவிட்டேன். அவளால் ஆனதை அவள் செய்து முடித்துவிட்டாள். மிச்சம் உங்கள் சமையலறையில் நடக்க வேண்டும்.

குழாய் இருமுகிறது. காற்று. பிறகு கலங்கல். பிறகு, இதோ, தெளிந்த தண்ணீர். தெருவில் அந்த வண்டி: "யாரும் வாயில வைக்காதீங்க! உள்ள புகுந்து விஷத்தைத் திறந்து விட்டுட்டாங்க! நம்ம லாரித் தண்ணி வருது, பொறுங்க!" குரல் தழுதழுக்கிறது. நடிப்பு மாதிரித் தெரியவில்லை.

தண்ணீர் சுத்தம் என்று உங்களுக்குத் தெரியும். யார் சொன்னது? நான். இல்லாத பிணங்களை வாராவாரம் உங்களை நம்பவைத்தவன்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் குழந்தை, கையில் நிறைந்த டம்ளர். வண்டி போகும் திசையைப் பார்க்கிறாள், உங்களைப் பார்க்கிறாள்.

"ஏங்க, நீங்க குடிச்சீங்களா?"