எட்டிப் பார்க்காத கொட்டகை

சௌந்திரம் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சின்னராஜ் மாட்டு வண்டியைக் கொண்டுவந்து பண்ணை வாசலில் நிறுத்தினார். சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளி போடுகிற மனுஷன். கோழி எருவென்றால் உயிர். வருஷம் தவறாமல் இவள் பண்ணையில்தான் அள்ளிக்கொண்டு போவார்.

"ஏனம்மிணி, பெரிய செட்டு எரு மட்டும் போதாது. குஞ்சுச் செட்டுல கெடக்கறதையும் அள்ளிக்கறேன். ரெண்டு மாசத்து எரு, வண்டி நெறையுமல்லோ?"

"தம்பியக் கேட்டீங்களாங்க?"

"கேட்டாச்சு. எருவே இல்லைங்கறான். ஐநூறு குஞ்சு ரெண்டு மாசமாப் பேலாம இருக்குதாக்கும்?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சௌந்திரமும் சிரித்தாள். ஆனால் கையிலிருந்த முட்டையை அட்டையில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கோழி வளர்க்கிறவளுக்கு இதைவிடப் பெரிய கணக்கு என்ன இருக்கிறது? தீவனம் உள்ளே போனால் எரு வெளியே வந்தாக வேண்டும்.

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் அந்தக் குஞ்சுச் செட்டுக் கொட்டகையைத் தம்பி ராசப்பன் கையில் ஒப்படைத்தவள் அவள்தான். மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சோதனைச்சாலை உதவியாளராக இருந்தவன், வேலை போய் வந்து நின்றான். "குஞ்சு நான் வளத்துத் தாரனுங்க்கா. முட்டைக்கு வர்ற பருவத்துல உங்க கையில குடுத்தர்றேன்" என்றான். கூடப் பிறந்தவன் கேட்கிறான், எந்த அக்காள் மாட்டேன் என்பாள்?

ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "நீங்க பெரிய கோழிகிட்டப் பொழங்கறவங்க. அந்தக் காலோட குஞ்சுகிட்ட வரப்படாதுங்க்கா. வெள்ளைக் கழிச்சல் தொத்திக்கும்."

ஐயோ, அந்தப் பேச்சில் அவள் எப்படிக் குளிர்ந்துபோனாள்! பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். பெரிய கோழியின் நோய் காலிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு போய்க் குஞ்சைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்துவிடும். ஒரு கொட்டகை ஆள் இன்னொரு கொட்டகையில் நுழையவே மாட்டான். இவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தம்பிக்குத் தொழில் பிடிபட்டுவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தாள்.

முப்பது பிளாஸ்டிக் வாளி வாங்கி வந்தான். "குஞ்சுக்குத் தண்ணி வெக்கங்க்கா" என்றான். ராத்திரி பகலாக விளக்கு எரிந்தது. குஞ்சுக்குச் சூடு வேண்டாமா, எரியட்டும் என்றிருந்தாள். வெளியே நின்று கேட்டால் கீச்கீச்சென்று சத்தமும் வந்தது. இதற்கு மேல் சந்தேகப்பட அவள் என்ன போலீஸா?

சின்னராஜ் பெரிய கொட்டகை எருவை அள்ளிக்கொண்டு போன பிறகும் அவளுக்கு வேலை ஓடவில்லை. ராசப்பன் சைக்கிளில் டவுனுக்குப் போயிருந்தான். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். துவைத்த சேலை கட்டினாள். கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டாள். உள்ளே இருக்கிற குஞ்சுக்குத் தன்னால் ஒரு கெடுதலும் வந்துவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் அவளுக்குக் கவலை. மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்தாள்.

வாசலை ஒட்டி ஒரு வலைக்கூண்டில் ஐம்பது குஞ்சு இருந்தால் அதிகம். பக்கத்தில் வாய் பிரிக்காத தீவன மூட்டைகள் சுவரோடு அடுக்கியிருந்தன. அதற்கப்பால் சாக்குத் திரை. விலக்கினாள்.

வாளிகள். வரிசை வரிசையாக வாளிகள். ஒரு பிடி மண் கிடையாது. மூடியில் ஓட்டை போட்டு, சல்லிக்கல் நிரப்பி, ரப்பர் குழாய் வழியே உரம் கலந்த தண்ணீர் ஓட, மேலே கண் கூசுகிற விளக்கடியில் இடுப்புயரத்துக்குச் செடி நின்றது. விரல் விரித்த மாதிரி இலை. என்ன செடியென்று கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. வெளியே கோழி நாற்றம் இதை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது.

கஞ்சா.

அந்த வாடையை அவளால் மறக்க முடியுமா? நாலு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் அர்த்தநாரி முட்டை லோடோடு லாரியில் போனான். சங்ககிரி தாண்டி லாரி புளியமரத்தில் மோதியது. அவன் அங்கேயே முடிந்தான். லாரி ஓட்டியவன் கஞ்சா அடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் அந்த டிரைவர் கிடந்த கட்டிலைக் கடந்து போனபோது அவன் சட்டையிலிருந்து வந்த வாடை இது. அன்றைக்கு மச்சான் உடம்பைத் தோளில் சுமந்து வந்து, "கஞ்சாக்காரன் எங்க அக்கா குடியக் கெடுத்துப்போட்டானே!" என்று மார்பில் அறைந்துகொண்டு அழுதவன் இதே ராசப்பன்தான்.

பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா! உங்கள ஆரு உள்ள வரச் சொன்னது?"

"இதென்னடா ராசப்பா?"

"அது... மருந்துச் செடிங்க்கா. கம்பெனில கத்துக்கிட்டது. மண்ணே இல்லாம..."

"எனக்கேடா கதை சொல்றே? இது எங்க போவுது?"

அவன் தலையைக் குனிந்தான்.

"வாயத் தொறந்து சொல்லு. எங்க போவுது?"

"சங்ககிரிக்குங்க்கா."

"லாரிக்காரங்களுக்கா?"

ராசப்பன் தலையை ஆட்டினான். புருஷன் செத்த அன்றுகூட அவளுக்கு இப்படி அடி விழுந்ததில்லை. அன்றைக்கு அடித்தவன் யாரோ ஒரு முகம் தெரியாதவன். இன்றைக்கு அடித்தவனுக்கு அவள் தன் இடுப்பில் வைத்துச் சோறூட்டியிருக்கிறாள்.

"நான் விக்காட்டி இன்னொருத்தன் விக்கப் போறானுங்க்கா. ரெண்டே வாரம் பொறுத்துக்குங்க, அறுத்துப்போட்டு நிறுத்திர்றேன்" என்று கையைப் பிடித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அதுக்குள்ள போலீசு கீலீசு வந்தா, நீங்க வளத்ததுன்னு சொல்லிருங்க. கரண்டும் செட்டும் உங்க பேர்லதான் இருக்குது. தாலியறுத்த பொம்பளைன்னா எரக்கப்பட்டு உட்ருவாங்க."

அடப்பாவி! அவள் தாலியறுத்ததைக்கூட இவன் ஒரு வசதியாகப் பார்த்து வைத்திருந்தானே.

சௌந்திரம் கையை உதறினாள். கத்தவில்லை. வெளியே வந்தாள்; பின்னாலேயே அவனும் வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். "அக்கா எங்கியாச்சும் போய்க் கொஞ்ச நேரம் அழுதுட்டு வந்துரும்" என்று ராசப்பன் நினைத்தான். அக்காளை அவன் அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தான்.

அவள் நேரே போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டு சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். "இதபாரும்மா, சட்டம் இப்ப ரொம்பக் கடுமை. எடம் உன் பேர்ல இருக்குது. உன்னையும் விசாரிப்போம். கோர்ட்டு வாசல் ஏற வேண்டி வரும்."

"ஏறறனுங்க சார். ரெண்டு மாசம் எட்டிப் பாக்காம இருந்தது என்ற தப்புதான். அதையும் எழுதிக்குங்க."

மத்தியானத்துக்குள் ஜீப் வந்தது. வாளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். ராசப்பனை ஜீப்பில் ஏற்றும்போது அவன் அக்காளைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணீர் பாட்டுக்கு ஓட, நேராகவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேதி கேட்டு அவள் அம்மா பாவாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். ஜீப் போன புழுதியை இரண்டு கையாலும் வாரினாள்.

"நீ நாசமாப் போவ! ஒரு வயித்துல பொறந்தவனப் புடிச்சுக் குடுத்துட்டயேடி! உன்ற பண்ணை வெளங்குமா?"

ஊரே கூடி நின்றது. மண்ணை வீச ஓங்கிய அம்மாவின் கையைச் சௌந்திரம் பிடித்துக்கொண்டாள்.

"உன்ற மருமகன் செத்தப்ப, அந்த டிரைவரப் பெத்தவளுக்கும் இப்பிடித்தான் மண்ணள்ளித் தூத்துனே. மகன் என்ன பண்றான்னு கேக்காம உட்டவள்னு அவளத் திட்டுன. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் அந்தப் பொம்பளை எடத்துல நிக்கறோம், ஆத்தா. நம்ம பையன்தானேன்னு நானும் கேக்கல, நீயும் கேக்கல. நம்மூட்டு ஆளு பண்ற தப்பை மூடி மறைச்சா அது பாசம் இல்ல. எவளோ ஒருத்தி தாலியறுக்கறதுக்கு நாமளும் கூட்டுச் சேர்ந்ததுதான்."

பாவாயியின் விரல்கள் தளர்ந்தன. மண் கீழே கொட்டியது. மகளின் தோளில் சாய்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.