விலாசத்தில் விழாத புள்ளி

ரோகிணி தானே வரைந்து உருவாக்கிய எழுத்துருவில் அச்சான முதல் கல்யாணப் பத்திரிகை அது. தங்க மையில் கொடி போல வால் சுழித்து ஓடும் எழுத்துகள். ஐந்நூறு அட்டைகளையும் காலையில் பெண் வீட்டில் கொடுத்துவிட்டுத் தன் அச்சுக்கடைக்குத் திரும்பியவள், மிஞ்சிய ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தாள்.

பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் குடும்ப விலாசம்: சா.க. இரண்டு முன்னோர்களின் முதலெழுத்துகள். எழுத்தின் வால்கள் நீண்டு இரண்டு புள்ளிகளையும் விழுங்கியிருந்தன.

'சாக வயிரவன்.'

வயிரவனுக்கு வரும் வியாழக்கிழமை மதுரையில் இருதய அறுவை சிகிச்சை. அதற்கு முன்பே பத்திரிகை கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவசரப்படுத்தினார்கள். மாதிரியைச் சரிபார்த்தபோது அந்த வீட்டில் யாருக்கும் இது கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற விலாசம். கண்ணே புள்ளி வைத்துக்கொண்டது.

தங்க மைப் பேனா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். கல்யாண வீட்டில் அந்தச் சொல்லை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

வயிரவனின் மனைவி தேனம்மை ஆச்சி பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி வர்றே? ஒன் எழுத்தத்தான் மெச்சிக்கிட்டிருந்தேன். ஜிலேபி புழிஞ்ச மாதிரியில்ல இருக்கு!"

"ஆச்சி… ஐயாவோட புள்ளி போயிருச்சு."

ஆச்சியின் கையிலிருந்த கட்டு நழுவியது. நகரத்தார் வழக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி. கோயிலில் அப்படித்தான் பதிவு. ஒருவர் போனால் மற்றவர் அரைப்புள்ளி. அமராவதிபுதூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ரோகிணிக்கு அது தெரியாது.

"யாருடி சொன்னா? மானகிரிக்குத்தானே போனாக, சம்பந்தி வீட்டுக்கு…" தூணைப் பிடித்தபடி ஆச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயையோ, பத்திரிகையில ஆச்சி! பத்திரிகையில!"

ரோகிணி அட்டையை நீட்டி, இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில் நகத்தை வைத்தாள். ஆச்சியின் உதடு அசைந்தது.

உடனே கணவருக்குப் போன் போட்டார். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை வயிரவன் எடுத்தார்.

"எங்குட்டு இருக்கீக?"

"சம்பந்தி வீட்டுலதான். பத்திரிகைய சத்தமா வாசிச்சாக. எழுத்து அரமனை எழுத்தாட்டம் இருக்குன்னாக."

"வெலாசத்த… எப்புடி வாசிச்சாக?"

"வெலாசத்த வெலாசமாத்தான் வாசிப்பாக. ஒனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சு வலிக்குதா?"

"இல்லையே."

"மெதுவா வாங்க. அந்தப் பத்திரிகைய மட்டும் திருப்பி வாங்கிட்டு வந்திருங்க."

ஏன் என்று அவர் கேட்பதற்குள் ஆச்சி போனை வைத்துவிட்டார்.

"ஒக்காரு. அவுக வர்றதுக்குள்ள எல்லாத்துக்கும் புள்ளி வையி."

ரோகிணி அவசரமாகப் பேனாவைத் திறந்தாள். முதல் புள்ளி 'க'வின் தலைமேல் விழுந்து, அது 'சாக்' ஆனது. ஆச்சி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அவர் அழுத்தி வைத்த புள்ளியில் அட்டை பொத்துப்போனது. அதைக் கவிழ்த்து ஒதுக்கினார். தெருவில் ஏதோ கார் நிற்கும் சத்தம் கேட்டது. வாசலைப் பார்த்தபடியே அடுத்த அட்டையை எடுத்தார்.