வலை காயும் பாறை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கும் சின்னராசு அண்ணனுக்கும் ஒரே ஷிப்ட். அவர் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை எளாவூர்ச் சபையில் பிரசங்கம். அவர் மகள் இளமதியைத்தான் கட்டுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன். அவளுக்கும் சம்மதம். மனுஷர்தான் பிடிகொடுக்கவில்லை. பெண் கேட்டு எங்கள் ஆட்கள் போனபோது டீ கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார். நான் இந்து என்பதுதான் தடங்கல் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று கேன்டீனில் சாம்பார் சாதத்தோடு வேதத்தையும் திறந்தார். தீரு என்ற கடற்கரைப் பட்டணம் அழிந்து வலை காயப்போடும் வெறும் பாறையாகும், மறுபடி எழும்பாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி அந்தக் காலத்திலேயே சொன்னாராம். அச்சுப் பிசகாமல் நடந்துவிட்டதாம்.

எதிரே இருந்த எலெக்ட்ரீஷியன் மணவாளன் விடுவானா? செல்லை நீட்டினான்.

"இன்னாண்ணே நீ! லெபனான்ல இன்னிக்கும் அந்த ஊரு கீது. பாரு, மாடி ஊடு, ஓட்டலு, டிராபிக் ஜாமு!"

"அது புதுசுடா. பழைய தீரு தண்ணிக்குள்ள போய்ட்ச்சி. வேதத்துல போட்டுகீற இந்தப் படத்தைப் பாரு, கல்லு மேல வலை காயுது. மனுசன் வாழாத எடம். சாபம்!"

எனக்குச் சுருக்கென்றது. பழவேற்காட்டில் வலைமேல் படுத்து வளர்ந்தவன் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் நல்லது. பாழாய்ப்போன வாய், கேட்டால்தானே.

"ஆளில்லாத எடத்துல எவன்ணே வலையைக் காயப்போடுவான்? அட்த்த நிமிசமே எவனாவது தூக்கிக்கினு பூடுவான். நண்டு அறுத்த கண்ணியைக் கோக்க ஆளு வேணும், நாயை வெரட்ட ஆளு வேணும். வலை காயுதுன்னா பக்கத்துலயே சோறு வேவுதுன்னு அர்த்தம். எங்க குப்பத்துல நூத்திருவது ஊடு. நாங்கல்லாம் சாபமா?"

"ஜெயிச்சிட்ட முரளி!" மணவாளன் மேஜையைத் தட்டினான். தடிமாடு! பெண் போச்சு.

அண்ணன் பருக்கைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு வேதத்தை மூடிவைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்:

"நூத்திருவது ஊட்டுக்கும் கொழாத்தண்ணி வருதா?"

அடப்பாவி மனுஷா! ஞானஸ்நானம் எடு என்பார் என்று இத்தனை மாதம் நடுங்கிக்கொண்டிருந்தேன். வருகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இல்லண்ணே. ரெண்டு நாளிக்கி ஒருவாட்டி லாரி. போர் போட்டாலும் உப்புதான்."

"எம்பொண்ணு இதுவரைக்கும் கொடம் தூக்கினதில்ல."

"நான் தூக்குறேன்."

"ஆம்பள கொடம் தூக்கினா குப்பமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். மணவாளன் செல்லைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். சின்னராசு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு தபாக்கு எத்தினி கொடம்டா தூக்குவ?" என்றார்.