முப்பத்தொன்பது பேர்

நான் பல் செய்கிறவன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செய்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும்படி நிறம் ஏற்றுவது என் வேலை. வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்றால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அதுதான் சோறு. இந்தக் கைக்கு ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருக்கத் தெரியாது. வில்லும் வாளும் ஏந்திய விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குப் பெயின்ட் அடிப்பேன். பிறகு அவர்களை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவோம், நானும் என் தங்கை புருஷனும்.

தங்கையைக் கட்டுவதற்கு முன்பே அவன் எனக்குச் சிநேகிதன், அதனால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் கிடையாது. பஸ் டிரைவர். இரண்டு படைகளும் என் வீட்டில்தான் இருக்கும். பெயின்ட் அடிக்காத பொம்மை மேசை ஏறக்கூடாது என்பது எங்கள் சட்டம். போட்டவன் நான்.

அவன் அடிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி அப்புவான். பெல்ட்டின் நிறம் கால்சட்டையில் வழியும். ஒரு சிப்பாய்க்காவது இரண்டு கண்ணும் ஒரே திசையில் பார்க்காது. இவர்கள் சண்டைக்குப் போகிறார்களா, கண் டாக்டரிடம் போகிறார்களா என்று கேட்பேன். சிரிப்பான். போன வருஷம் பஸ்ஸை விட்டுவிட்டு டிப்போவில் மேசை வேலைக்குப் போனான். நோகாமல் சம்பளம் வாங்கப் பார்க்கிறான் என்று அதற்கும் ஒரு கிண்டல். அதன்பிறகு பெயின்ட் இன்னும் மோசமானது. பழைய பொம்மைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப்போய், வேறு வேறு நிறத்தில் அடித்துக்கொண்டு வந்தான். படைக்கு ஒரே சீருடை வேண்டாமா என்று கத்தினேன். ஒருநாள் என் எதிரில் அவன் பிரஷ் பிடித்தபோது கவனித்தேன்.

“கை ஏன்டா இப்படி ஆடுது? ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியோ?”

அதற்கும் சிரித்தான். ஆனால் பிரஷைக் கழுவி வைத்துவிட்டான். அந்த நிமிஷம் என் வாயில் யாராவது மண்ணை அள்ளிப் போட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு மாதம் வர முடியாது, வேலை இருக்கிறது என்றான். எனக்கு ஒரு யோசனை வந்தது. அவன் படையைச் சுத்தம் செய்து, நானே அடித்து வைத்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு இன்ப அதிர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அந்த மாறுகண்களோடு என் மேசையைப் பகிர்ந்துகொள்ள எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். நாற்பதில் ஒன்று குறைந்தது. எங்கேயோ தொலைத்திருக்கிறான், பொறுப்பில்லாதவன். முப்பத்தொன்பதையும் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. பொம்மைகள் நிற்கிற பீடத்தின் அடியில் பேனாவால் என்னவோ கிறுக்கியிருந்தான். படிக்கப் பொறுமையில்லை. அதையும் தேய்த்துவிட்டு, அடியில் கறுப்பு அடித்தேன். மேலே எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சீருடை, புருவம் வரைக்கும் தனித்தனிக் கோடு. என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் எதையும் அடித்ததில்லை.

அவன் வந்தான். வரிசையைப் பார்த்தபடி நின்றான். ஒன்றை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான்.

“இது யாரு?” என்றான்.

முன்வரிசை வில்லாளி என்று பெருமையாகச் சொன்னேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை.

தங்கைதான் நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தாள். அவனுக்கு நரம்பில் நோய், அதனால்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள், அந்த ஒரு மாதமும் ஆஸ்பத்திரியில் இருந்தான், எனக்குச் சொல்லக்கூடாது என்று அவளைத் தடுத்துவிட்டான் என்றாள். நான் செய்து வைத்திருந்த பற்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

“அது சிப்பாய் இல்லண்ணே. தினம் அவரு பஸ்ஸுல ஏறின ஆளுங்க. குடைக்காரருக்கு நீலச் சட்டை, பின்சீட்டுல தூங்குற டீச்சருக்குப் பச்சை. அடியில பேரு எழுதி வச்சிருந்தாரு. உன் கிண்டலுக்குப் பயந்து உங்கிட்ட சொல்லல.”

மறுபடி அடித்துக்கொள்ளட்டும், நானே சுத்தம் செய்து தருகிறேன் என்று உளறினேன்.

“இனிமே அவரால பிரஷ் பிடிக்க முடியாதுண்ணே.”

அன்றைக்குச் சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டேன். விடு மச்சான், உனக்கென்ன தெரியும் என்றான். தெரிந்துகொள்ள நான் எப்போது கேட்டேன்? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவனே சொன்னான்.

வந்தான். முப்பத்தொன்பது பேரையும் இரண்டு கையாலும் தள்ளி என் பக்கம் சேர்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து எதிரே நிறுத்தினான். தொலைந்துபோனது என்று நான் நினைத்த நாற்பதாவது ஆள். காக்கி அப்பியிருந்தது, ஒரு கண் என்னைப் பார்த்தது, ஒரு கண் சுவரைப் பார்த்தது.

“அதெல்லாம் உன் ஆளுங்க. எனக்கு இவன் ஒருத்தன் போதும்.”

நான் தோற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் ஆட்களைப் பின்னால் நகர்த்தினேன், மேசைமேல் இருந்த பொம்மை மரத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அவன் பகடையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடித்துத்தான் உருட்ட முடிந்தது.

“ஒழுங்கா ஆடு. பாவம் பார்த்தா எழுந்து போயிடுவேன்.”

சரி என்று கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு வில்லாளியை மட்டும் அம்பு விடச் சொன்னேன். அவ்வளவு தூரத்துக்கு ஆறு விழுந்தால்தான் படும். உருட்டினேன். ஆறு விழுந்தது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான், பழைய சிரிப்பு. விழுந்தவனை வீழ்த்தியவன்தான் எடுக்க வேண்டும், அதுவும் எங்கள் சட்டம். எடுத்தேன். அடியில் கோணல் எழுத்தில் ‘டிரைவர்’ என்று இருந்தது.

அவன் கையை நீட்டினான். அது ஆடிக்கொண்டே இருந்தது. அதில் வைத்தால் கீழே விழுந்துவிடும் என்று, எழுந்துபோய் அவன் சட்டைப் பையில் நானே போட்டேன்.